குறையைச் சொன்னபோது என்ன செய்தீர்கள்?

"உங்கள் வேலையில் குறை இருக்கிறது என்று யாராவது சொன்ன ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்?"

பொறியியல் கல்லூரி வளாகத் தேர்வில், ஆப்டிடியூட் தேர்வையும் டெக்னிகல் ரவுண்டையும் தாண்டி வந்த பிள்ளைகள் ஹெச்.ஆர். ரவுண்டில் தடுமாறும் கேள்விகளில் இதுவும் ஒன்று. கல்லூரிகள் நடத்தும் மாதிரி நேர்முகத் தேர்வுகளில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன். அதிகம் கிடைத்த பதில் இது: "யார் என்ன சொன்னாலும் நான் பாசிட்டிவாக எடுத்துக்கொள்வேன் சார். குறைகளைத் திருத்திக்கொண்டு முன்னேறுவேன்." சொல்லும்போது குரலில் உண்மை இருக்கும். ஆனால் கேட்டது நடந்த ஒரு நிகழ்ச்சியை. வந்தது தன் குணத்தைப் பற்றிய ஒரு வாக்கியம். இன்னும் சிலர் சற்று யோசித்துவிட்டு, "அப்படி யாரும் குறை சொன்னதில்லை சார்" என்பார்கள்.

இவர்களுக்குப் பேச வரவில்லை என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தக் கேள்வி எதை அளக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பணிவை அளக்கிறார்கள் என்று நினைத்துப் பணிவைக் காட்டுகிறார்கள். அளக்கப்படுவது வேறு. அது என்ன என்பதை அந்தச் சொல்லின் பிறப்பிலிருந்தே தொடங்கிப் பார்க்கலாம்.

பின்னூட்டம், அதாவது ஃபீட்பேக், மனிதர்களைப் பற்றிப் பேசவந்த சொல் இல்லை. மின்சுற்றுகளைப் பற்றிப் பேசவந்தது. 1920களில் அமெரிக்கத் தொலைபேசித் துறைக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. கம்பி வழியே நெடுந்தூரம் போகும் குரல் வழியில் மெலிந்துவிடும். அதனால் இடையிடையே பெருக்கிகளை வைத்தார்கள். ஒவ்வொரு பெருக்கியும் குரலை உயர்த்தும்போது கொஞ்சம் சிதைக்கவும் செய்தது. ஒரு பெருக்கியின் சிதைவை அடுத்தது இன்னும் பெரிதாக்கியது. கடைசியில் மறுமுனைக்கு இரைச்சலே போய்ச் சேர்ந்தது.

பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஹெரால்ட் பிளாக் என்ற இளம் பொறியாளர் சில ஆண்டுகளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1927 ஆகஸ்ட் 2 காலை, ஹட்சன் ஆற்றைக் கடக்கும் லாக்கவானா படகில் வேலைக்குப் போகும்போது அவருக்கு விடை தோன்றியது. கையில் தாள் இல்லை. அன்றைய நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பக்கத்திலேயே படம் வரைந்து, சமன்பாட்டை எழுதி, கையெழுத்தும் போட்டார். யோசனை எளிமையானது: பெருக்கியிலிருந்து வெளியே வருவதில் ஒரு பங்கை எடுத்து, எதிர்த்திசையில் திருப்பி, உள்ளே போவதோடு சேர்த்துவிடுவது. அப்படிச் செய்தால் எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பது பெருக்கிக்கே திரும்பி வருகிறது. தன் பிழையைத் தானே கழித்துக்கொள்கிறது. இதற்கு ஒரு விலை உண்டு. பெருக்கும் ஆற்றலில் பெரும்பகுதி போய்விடும். பெருக்குவதற்கென்றே செய்த கருவியின் ஆற்றலை வேண்டுமென்றே குறைப்பதா என்று அன்று பலருக்கும் புரியவில்லை. காப்புரிமை கிடைத்தது 1937 டிசம்பரில். இன்று நம் வீட்டு ஆடியோ பெருக்கியிலிருந்து மருத்துவமனை ஈ.சி.ஜி. கருவி வரை அந்த எதிர்ப் பின்னூட்டம் இருக்கிறது. 1948இல் நார்பர்ட் வீனர் தன் 'சைபர்னெடிக்ஸ்' நூலில் இதே கருத்தை உயிர்களுக்கும் எந்திரங்களுக்கும் பொதுவான ஒன்றாக விரித்தார்.

பிளாக்கின் படத்தில் கவனிக்க வேண்டியது அந்த வளையம். வெளியே வந்தது அளக்கப்படுகிறது, திரும்பி வருகிறது, உள்ளே ஒரு மாற்றத்தைச் செய்கிறது, அந்த மாற்றம் மீண்டும் வெளியே தெரிகிறது. எந்த இடத்தில் கம்பி அறுந்தாலும் அது பின்னூட்டம் இல்லை. "என் கைடு குறை சொன்னார்" என்பது ஒரு கம்பி மட்டுமே. "திருத்திக்கொண்டேன்" என்பது இன்னொரு துண்டு. வளையம் முழுமையாகச் சுற்றியதா என்பதைத்தான் நேர்முகத் தேர்வின் அந்தக் கேள்வி பார்க்கிறது.

மனிதன் பெருக்கி இல்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான், சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

குறையைச் சொன்னால் வேலை மேம்படும் என்று உளவியல் நெடுங்காலம் நம்பியது. அதற்கு ஆதாரமும் இருந்தது. எட்வர்ட் தார்ன்டைக், கண்ணை மூடிக்கொண்டு குறிப்பிட்ட நீளத்துக்குக் கோடு போடச் சொல்லிப் பார்த்தார். எத்தனை முறை போட்டாலும், போட்டது சரியா தவறா என்று தெரியாதவரை கை திருந்தவில்லை. தெரிந்ததும் திருந்தியது. பயிற்சி மட்டும் போதாது, விளைவு தெரிய வேண்டும் என்பது அந்தச் சோதனை காட்டிய பாடம்.

ஆனால் 1996இல் அவ்ரஹாம் குளூகர், ஏஞ்சலோ டெநிசி என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி எண்ணிப் பார்த்தார்கள். 607 அளவீடுகள், 23,663 கவனிப்புகள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் நன்மைதான் செய்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட அளவீடுகளில், பின்னூட்டம் கொடுத்த பிறகு வேலையின் தரம் குறைந்திருந்தது. ஒன்றுமே சொல்லாமல் விட்டிருந்தால் அவர்கள் நன்றாகச் செய்திருப்பார்கள்.

எதனால் இப்படி? அவர்கள் சொன்ன விளக்கம் கவனம் எங்கே போகிறது என்பதைப் பற்றியது. குறையைக் கேட்டவரின் கவனம் வேலையின் மேல் போனால் வேலை திருந்துகிறது. 'நான் எப்படிப்பட்டவன், என்னை என்னவென்று நினைக்கிறார்கள்' என்று தன்மேல் திரும்பினால், அந்தக் கவனம் வேலையிலிருந்து பிடுங்கப்பட்டதாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் ஏற்கெனவே இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று சுட்டிக்காட்டுவது, இன்னொன்று குத்திக்காட்டுவது. முதலாவதில் விரல் பிழையை நோக்கி நீள்கிறது, இரண்டாவதில் ஆளை நோக்கி. இதைச் சொல்பவர் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பது குளூகர், டெநிசி ஆய்வை நான் படித்தபோது உறைத்தது. சுட்டிக்காட்டியதைக் குத்திக்காட்டியதாக எடுத்துக்கொள்ளவும் முடியும். குத்திக்காட்டிய பேச்சிலிருந்து சுட்டிக்காட்டிய பகுதியை மட்டும் பிரித்தெடுக்கவும் முடியும். பிந்தையது ஒரு திறமை. நிறுவனங்கள் தேடுவது அந்தத் திறமையை.

அது எளிதில்லை என்று மூளையின் மின்னலைப் பதிவுகள் சொல்கின்றன. ஒருவர் செய்தது தவறு என்று காட்டும் குறி திரையில் தோன்றிக் கால் நொடி கடந்ததுமே, மண்டையின் நடு-முன்பகுதியில் வைத்த மின்முனைகளில் ஓர் எதிர்மின் அலை பதிவாகிறது. நாம் யோசிக்கத் தொடங்கும் முன்பே மூளை 'தவறு' என்பதைக் குறித்துக்கொண்டுவிடுகிறது. அடிபட்டதுபோல ஒரு உணர்வு வருவது யாருடைய பலவீனமும் இல்லை. கேள்வி அடுத்த ஓரிரு நொடிகளில் என்ன நடக்கிறது என்பது.

அந்த நொடிகளை ஜெனிஃபர் மாங்கெல்ஸ், கேரல் டுவெக் முதலானோர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2006இல் எழுதினார்கள். மாணவர்களிடம் பொது அறிவுக் கேள்விகள் கேட்டார்கள். பதில் சொன்னதும் முதலில் சரியா தவறா என்று காட்டினார்கள். சற்று நேரத்தில் சரியான விடையையும் காட்டினார்கள். அறிவு என்பது பிறவியிலேயே அளந்து வைக்கப்பட்டது என்று நம்பிய மாணவர்களின் மூளை 'தவறு' என்ற குறிக்குப் பலமாக எதிர்வினை காட்டியது. சரியான விடை வந்தபோது அதில் ஆழவில்லை. அறிவை வளர்க்கலாம் என்று நம்பியவர்களின் மூளை விடையை உள்வாங்குவதில் இறங்கியது. பிறகு முன்னறிவிப்பின்றி அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டபோது, இரண்டாம் வகையினர் தங்கள் தவறுகளில் அதிகம் திருத்தியிருந்தார்கள். அந்த நம்பிக்கையைப் பயிற்சியால் எவ்வளவு மாற்ற முடியும் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு தொடர்கிறது. ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்ததும் தாளை மடித்து வைத்துவிடும் பழக்கம் நம்மில் யாருக்குத்தான் தெரியாது?

சிகாகோ பல்கலைக்கழகத்தின் லாரன் எஸ்க்ரீஸ்-விங்க்லர், அயலெட் ஃபிஷ்பாக் இருவரும் 2019இல் இன்னும் ஒரு படி போனார்கள். இரண்டே விடைகள் உள்ள கேள்விகளைக் கொடுத்தார்கள். அதில் 'தவறு' என்று சொன்னாலே மற்றதுதான் சரி என்று தெரிந்துவிடும். 'சரி' என்பதில் கிடைக்கும் அதே அளவு தகவல் 'தவறு' என்பதிலும் கிடைக்கிறது. அப்படியும் 'தவறு' என்று கேட்டவர்கள் குறைவாகவே கற்றார்கள். வியப்பு என்னவென்றால், அடுத்தவரின் தவறைப் பார்த்துக் கற்கச் சொன்னபோது அந்த இழப்பு இல்லை. தன்மானம் அடிபடாத இடத்தில் மூளை ஒழுங்காக வேலை செய்கிறது.

இப்போது நேர்முகத் தேர்வின் பக்கம் வருவோம். 'குறையை எப்படி எடுத்துக்கொள்வீர்கள்' என்று கேட்காமல் 'எடுத்துக்கொண்ட ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள்' என்று ஏன் கேட்கிறார்கள்? இதன் வேர் இரண்டாம் உலகப்போரில் இருக்கிறது. அமெரிக்க விமானப்படைக்காகப் பணியாற்றிய உளவியலாளர் ஜான் ஃபிளனகன், நல்ல விமானிக்கு என்ன குணங்கள் வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் மங்கலான பதில்களே வருவதைக் கண்டார். அதனால் வெற்றிக்கோ தோல்விக்கோ காரணமான குறிப்பிட்ட நிகழ்ச்சிகளைச் சேகரித்தார். 1954இல் அதை ஒரு முறையாக எழுதி வெளியிட்டார். 1982இல் டாம் ஜான்ஸ் அதே வழியில், விண்ணப்பதாரரின் கடந்தகாலச் செயலைக் கேட்கும் நேர்முகத் தேர்வு முறையை முன்வைத்தார்.

பொய் சொல்லமாட்டார்களா? சொல்கிறார்கள். ஜூலியா லெவாஷினா, மைக்கேல் கேம்பியன் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வேலை தேடிய கல்லூரி மாணவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் நேர்முகத் தேர்வில் ஏதோ ஒரு வகையில் பூசி மெழுகுவதாகத் தெரிந்தது. ஆனால் அதே ஆய்வு, 'இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்' என்ற கேள்வியைவிட 'அப்படி நடந்தபோது என்ன செய்தீர்கள்' என்ற கேள்விக்கு இட்டுக்கட்டுவது கடினம் என்றும் காட்டியது. ஒழுங்காக நடத்தப்படும் தேர்வில் கேட்பவர் கையில் ஒரு மதிப்பெண் தாளும் இருக்கும். எந்த மாதிரிப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்று நடத்தை மாதிரிகளோடு எழுதிய அளவுகோல் அது. 1963இல் பாட்ரீசியா ஸ்மித், லார்ன் கெண்டல் இருவரும் செவிலியர்களின் பணியை மதிப்பிட உருவாக்கிய வடிவம் இன்று இங்கே வரை வந்திருக்கிறது. உங்கள் எதிரே இருப்பவர் தலையாட்டிக்கொண்டே எழுதுவது பெரும்பாலும் இதைத்தான்: நிகழ்ச்சி உண்டா, என்ன மாற்றினார், மாறியது எப்படித் தெரிந்தது.

ஒரு பதிலை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் இறுதியாண்டு புராஜெக்ட் ரிவ்யூவில் இருந்த எவருக்கும் பழக்கமான காட்சி. மண்ணின் ஈரத்தை அளந்து தானாகத் தண்ணீர் பாய்ச்சும் கருவியை ஒரு மாணவி செய்திருக்கிறார். அவர் சொல்கிறார்:

"ஃபர்ஸ்ட் ரிவ்யூவில் எங்கள் கைடு, 'ஒரே தொட்டியில் அளந்த கணக்கை வைத்து வயலைப் பற்றிப் பேசாதே' என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றைக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இரண்டு மாத உழைப்பை ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டாரே என்று நினைத்தேன். இரவு அவர் சொன்னதை நோட்டில் எழுதிப் பார்த்தேன். என்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, தொட்டியைப் பற்றித்தான் சொல்லியிருந்தார். மறுநாள் அவரிடமே போய், எத்தனை வகை மண் இருந்தால் ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டேன். மூன்று என்றார். செம்மண், கரிசல், வண்டல் மூன்றும் கொண்டுவந்தேன். சிவில் துறை மண் ஆய்வகத்தில் மாதிரிகளை 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி, எடை பார்த்து உண்மையான ஈரத்தைக் கண்டுபிடித்து, எங்கள் சென்சார் காட்டிய எண்ணோடு ஒப்பிட்டோம். கரிசலில் எங்கள் எண் நிறையத் தப்பியிருந்தது. ஒவ்வொரு மண்ணுக்கும் தனி அளவுத்திருத்தம் செய்த பிறகு வித்தியாசம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. செகண்ட் ரிவ்யூவில் அந்த அட்டவணையைத்தான் முதலில் காட்டினேன். இப்போதெல்லாம் எந்த அளவீட்டையும் காட்டுவதற்கு முன் 'இது எத்தனை இடத்தில் எடுத்தது' என்று நானே கேட்டுக்கொள்கிறேன்."

பிளாக்கின் வளையம் இதில் முழுதாகச் சுற்றியிருப்பதைப் பாருங்கள். கைடு சொன்னது வார்த்தை மாறாமல் இருக்கிறது. வலித்ததை மறைக்கவில்லை, அந்தக் கால் நொடி அலை எல்லோருக்கும் வருவது, அதை மறைப்பவரின் பேச்சில்தான் பொய் தட்டுகிறது. பிறகு கவனம் தன்னிடமிருந்து தொட்டிக்கு நகர்கிறது. நோட்டில் எழுதிப் பார்த்ததால் அது நகர்ந்தது. காதில் ஒலித்த குரல் காகிதத்தில் வெறும் வாக்கியமாகிவிடுகிறது, யாரோ ஒருவருக்குச் சொன்னதுபோல. அடுத்தவரின் தவறிலிருந்து மூளை நன்றாகக் கற்கிறது என்ற சிகாகோ ஆய்வை இங்கே பொருத்திப் பார்க்கத் தோன்றுகிறது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, அவர் மறுநாள் திரும்பிப் போய்க் கேட்ட கேள்வி. பின்னூட்டம் வரும்வரை காத்திராமல் தேடிப் போவதை சூசன் ஆஷ்ஃபோர்டும் லாரி கம்மிங்ஸும் 1983லேயே தனியாக ஆராயவேண்டிய ஒரு நடத்தையாக எடுத்துக்காட்டினார்கள். நேர்முகத் தேர்வில் நூறு பேரில் சிலரே அதைச் சொல்கிறார்கள்.

கடைசி வாக்கியமும் முக்கியம். ஒரு புராஜெக்ட்டைத் திருத்தியதோடு நிற்காமல் வேலை செய்யும் முறையே மாறியிருக்கிறது. உங்கள் கதையில் அப்படியொரு மாற்றம் இல்லையென்றால் சேர்க்காதீர்கள். "அது எப்போது உதவியது, ஒரு உதாரணம் சொல்லுங்கள்" என்று அடுத்த கேள்வி வரும்.

திருத்துவதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. லாட்ஜில் குளிக்கும்போது வெந்நீர்க் குழாயைத் திருகியதும் சூடு வராது. இன்னும் திருகுகிறோம். திடீரென்று கொதிநீர் கொட்டுகிறது. பதறிப்போய் முழுதாக மூடுகிறோம். சற்று நேரத்தில் பச்சைத் தண்ணீர். குழாயும் சரி, நம் கையும் சரி, பழுதில்லை. திருகுவதற்கும் தெரிவதற்கும் இடையே தாமதம் இருக்கிறது. அந்தத் தாமதத்தில் அளவுக்கு மீறித் திருத்திவிடுகிறோம். பின்னூட்டம் தாமதமாகவும் பலமாகவும் வந்தால் சுற்று அலைபாயத் தொடங்கும் என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் விதியை 1932இல் ஹாரி நைக்விஸ்ட் தந்தார். அவரும் பெல் ஆய்வகத்துக்காரர். கூட்டத்தில் அதிகம் பேசுகிறாய் என்று வருடாந்திர அப்ரைசலில் கேட்டவர், அடுத்த ஆறு மாதம் வாயே திறக்காமல் இருந்துவிடுவது இதே அலைவுதான். சிறிதாக மாற்றி, சீக்கிரமாகத் திரும்பக் கேட்டவர் நிலைகொள்கிறார். "இரண்டு வாரம் கழித்து, இப்போது சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்" என்று ஒருவர் சொன்னால் கேட்பவரின் பேனா நகரும்.

சொல்லப்பட்ட குறையே தவறாக இருந்தால்? அதையும் கேட்பார்கள்: "ஒப்புக்கொள்ள முடியாத கருத்து வந்தபோது என்ன செய்தீர்கள்?" எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன் என்பது இங்கே நல்ல பதில் இல்லை. மூன்றில் ஒரு பங்குப் பின்னூட்டம் வேலையைக் கெடுத்தது என்று பார்த்தோமே. வரும் குறிகளில் இரைச்சலும் இருக்கும், செய்தியும் இருக்கும். ஒருவர் ஒருமுறை சொன்னது எதுவாகவும் இருக்கலாம். ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒன்றையே சொன்னால் அதில் செய்தி இருக்கிறது. சந்தேகம் வந்தால் சிறிய அளவில் செய்து பார்த்து, வந்த விளைவை எடுத்துக்கொண்டு சொன்னவரிடமே போவதுதான் நேர்மையான வழி. அப்படிப் போய், கடைசியில் தன் கருத்தே சரி என்று நிலைநாட்டிய கதையும் நல்ல கதைதான். மரியாதையோடு சொல்ல வேண்டும், அவ்வளவே.

"அப்படி யாரும் குறை சொன்னதில்லை சார்" என்ற பதிலுக்கு இப்போது திரும்புகிறேன். அதை ஆணவம் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்த மாணவர்களிடம் தேர்வு முடிந்து பேசியபோது தெரிந்தது, பலருக்கு அது அப்பட்டமான உண்மை. நான்கு ஆண்டுகளில் எழுதிய ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஒரு கையெழுத்து இருக்கிறது. ஒரு வரி இல்லை. செய்யாத தவறுக்கும் செய்த தவறுக்கும் சேர்த்து வகுப்புக்கே விழுந்த திட்டு இருக்கிறது; 'உன் இரண்டாவது வரைபடத்தில் அலகு தவறு' என்று யாரும் சொன்னதில்லை. வளையத்தின் முதல் கம்பியையே கொடுக்காமல், வளையம் சுற்றிய கதையைச் சொல் என்கிறோம்.

டேவிட் யேகர், ஜெஃப்ரி கோஹன் முதலானோர் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அமெரிக்கப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பில் நடந்தது. கட்டுரைகளில் ஆசிரியர்கள் வழக்கம்போலத் திருத்தங்களை எழுதினார்கள். பாதிப் பேரின் தாளில், உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அது முடியும் என்று தெரிந்துதான் இவற்றை எழுதுகிறேன் என்ற பொருளில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்பட்டது. மீதிப் பேருக்கு வெறும் பொதுவான சீட்டு. கறுப்பின மாணவர்களில், பொதுவான சீட்டு கிடைத்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவரே கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தார். நம்பிக்கைச் சீட்டு கிடைத்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் கொண்டுவந்தார்கள். திருத்தங்கள் ஒன்றுபோலவே இருந்தன. சீட்டில் இருந்தது ஒரே ஒரு வாக்கியம்.

கல்லூரி ஆசிரியர்களிடம் நான் கேட்பதும் அதுபோல் ஒரே ஒரு வாக்கியத்தைத்தான். அடுத்த முறை ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடும்போது, அதற்கு மேலே எது தவறு, அடுத்த சோதனையில் எதை மாற்ற வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த வாரம் அதே பக்கத்தைத் திருப்பிக் கேளுங்கள்.